வால் பக்கத்துக் காவல்

மெல்பேர்ன்
11 பெப்ரவரி 2024

அன்புத் தம்பி டெஸ்மன்ட்,

பேசாலை வெற்றி மாதாவின் புண்ணியத்தில் நானும் டிலக்சியும் சுகமாக வந்து சேர்ந்தோம். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை இன்னும் பாணும் சம்பலும்தானா?

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று சிரிப்பாய். சிரி. போனை சிட்னியிலேயே உடைத்துக் குப்பையில் போட்டுவிட்டுத்தான் பஸ் ஏறினேன். உன் அத்தான் கிறிஸ்ரியன் கம்பியூட்டர் வேலைக்காரர். வீட்டை விட்டு முதல் தடவை வெளிக்கிட்டபோது என் போனை வைத்துப் பிடித்தார். இரண்டாவது தடவை பிள்ளையின் பள்ளிக்கூட ஐபாட்டை வைத்துப் பிடித்தார். மூன்றாவது தடவையும் பிடித்தால் என்ன செய்வார் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. கோர்ட் தந்த தடையுத்தரவு பைக்குள் இருக்கிறது. அதை அவர் மதிப்பார் என்று நீதவானே நம்பியிருக்கமாட்டார்.

இங்கே பெண்களுக்கு உதவுகிற அமைப்பில் யோகா அன்ரி என்று ஒருவர். உறையில் இருக்கும் தபால் பெட்டி இலக்கம் அவவின் ஏற்பாடு. நீ எழுதுவதை அவ எடுத்து என்னிடம் தருவா. "ஒருத்தருக்கும் இடத்தைச் சொல்லிப் போடாதேங்கோ, கூடப் பிறந்ததுக்கும் சேர்த்துத்தான் சொல்லுறன்" என்று முதல் நாளே சொல்லிவிட்டா. உனக்கும் சொல்லாவிட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்? மல்கிரேவ் என்ற இடத்தில் இருக்கிறோம். ஒபிஸ் கட்டடங்கள் நிறைந்த ஊர். நான் அவற்றில் இரண்டைக் கூட்டித் துடைக்கிறேன்.

வாசித்ததும் இதைக் கிழித்துவிடு. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நான் சுகம் என்று மட்டும் சொல்.

அன்புடன்,
அக்கா றோசலின்

*

கிரவீன், சிட்னி
25 பெப்ரவரி 2024

அன்புள்ள அக்கா,

கடிதம் கிடைத்தது. வாசித்தேன், கிழித்தேன், அடுப்பிலும் போட்டேன். நான் சுகம். டிலக்சிக்கு மாமாவின் முத்தங்கள். சாப்பாட்டைப் பற்றிக் கேட்காதீர்கள்.

எனக்குப் புது வேலை கிடைத்திருக்கிறது. சிட்னிக்கு மேற்கே ஒரு பெரிய கொட்டகையில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானம் ஒன்றைத் திரும்பப் பொருத்துகிறார்கள். பறப்பதற்கு இல்லை, காட்சிக்கு. வால் பகுதிக்குத் தகடு அடித்து வயர் இழுப்பது என் பொறுப்பு. கொட்டகையின் சொந்தக்காரி ஹெதர், அறுபது வயது, வாய் மூடாத மனுசி. அவவின் பெரியப்பா இப்படி ஒரு விமானத்தின் வாலில் சுடுகிறவராக இருந்து, பத்தொன்பது வயதில் ஜெர்மனிக்கு மேலே எரிந்துபோனாராம்.

அம்மாவுக்குச் சொன்னேன். "குண்டு போடுற பிளேனைத் திருத்தவோ உன்னைக் கடல் தாண்டி அனுப்பினனான்?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டா. எனக்கும் முதல் கிழமை கை கூசியது. குண்டு போடுகிற கிபிர் விமானம் வந்தால் பதுங்குகுழிக்குள் உங்கள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கிடந்தவன் நான். மேலே இருப்பவனுக்கும் பயம் இருக்கும் என்று அந்த நாளில் யார் நினைத்தோம்? வால் கூண்டுக்குள் ஏறி இருந்து பார்த்தேன். முழங்காலை மடக்க இடம் இல்லை. இரவு முழுவதும் அதற்குள் இருந்து, இருட்டில் பின்னால் வருகிற வேட்டை விமானத்தைத் தேடியிருக்கிறான் அந்தப் பெடியன்.

வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
டெஸ்மன்ட்

*

மெல்பேர்ன்
10 மார்ச் 2024

அன்புத் தம்பி,

இருவரும் நலம். டிலக்சிக்கு இலேசான தடிமன்.

பிளேனைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். உன் அத்தானைப் பற்றி ஒரு வரி இல்லை. நான் போய் ஐந்து கிழமையாகிறது, அவர் உன்னிடம் வராமல் இருந்திருக்கமாட்டார். வந்தாரா இல்லையா? ஓம் அல்லது இல்லை என்று எழுது.

அக்கா

*

கிரவீன்
17 மார்ச் 2024

அன்புள்ள அக்கா,

நலம். தடிமனுக்குக் கொத்தமல்லி அவித்துக் கொடுங்கள்.

ஓம், வந்தார். நான்கு தடவை. ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிய வருகிறார், கையில் ஒரு சாப்பாட்டுப் பார்சலோடு. வாசலில் நிற்கிற அத்தானை எப்படித் திருப்பி அனுப்புவது? உள்ளே கூப்பிட்டுக் கதிரை போட்டுத் தேத்தண்ணி கொடுக்கிறேன். "அவ எங்க எண்டு நான் கேக்கேல்லை மச்சான். சுகமா இருக்கினமோ, அதை மட்டும் சொல்லும்" என்கிறார். எனக்குத் தெரியாது என்றுதான் ஒவ்வொரு தடவையும் சொல்கிறேன்.

கோபிக்காமல் கேளுங்கள். நான் அவரை உள்ளே விடுவதற்கு வேறு காரணமும் இருக்கிறது. நான் பொருத்துகிற வாலுக்குக் கீழே ஒரு சின்ன ஏரியல் வருகிறது. அந்தக் கருவிக்கு மோனிக்கா என்று பெயர். (நம் பங்குக் கோயில் பாட்டுக் குழுவில் இருந்த மோனிக்கா ரீச்சரை நினைத்துக்கொண்டேன், அவவுக்கும் முதுகில் கண்.) அது பின்பக்கமாக ரேடியோ அலையை அனுப்பிக்கொண்டே இருக்கும். வேட்டை விமானம் ஏதும் நெருங்கினால் அலை அதில் பட்டுத் திரும்பும், விமானிகளின் காதில் டிக் டிக் என்று கேட்கும். உடனே விமானத்தைச் சரித்துத் தப்பலாம்.

உங்களுக்கு அந்த வேலையை நான் பார்க்கிறேன். ஞாயிறு பதினொரு மணிக்கு அவர் என் வீட்டில் தேத்தண்ணி குடிக்கிறார் என்றால் மெல்பேர்னில் இல்லை என்று அர்த்தம். அவர் வராத ஞாயிறுதான் நாம் பயப்பட வேண்டிய ஞாயிறு.

அன்புத் தம்பி,
டெஸ்மன்ட்

*

மெல்பேர்ன்
7 ஏப்ரல் 2024

அன்புத் தம்பி,

சுகம். உன் சுகத்தை வேண்டிக்கொள்கிறோம். பதில் எழுத மூன்று கிழமை எடுத்ததற்குக் காரணம் கோபம். எழுதி எழுதிக் கிழித்தேன்.

உனக்குச் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். அவர் எனக்கு அடிப்பார் என்றுதான் நீங்கள் எல்லோரும் நினைக்கிறீர்கள். அதைத் தாங்கிக்கொண்டு இன்னும் பத்து வருஷம் இருந்திருப்பேன், அவ்வளவு மோடு நான். ஜனவரியில் ஒருநாள் என்னையும் பிள்ளையையும் காரில் ஏற்றி, கதவுகளைப் பூட்டிவிட்டு, பெருந்தெருவில் எதிர்ப்பக்கமாக ஓட்டினார். "மூண்டு பேரும் சேந்தே போவம்" என்று சொல்லிக்கொண்டே ஓட்டினார். சத்தம் போடவில்லை, பூசையில் மன்றாட்டு வாசிக்கிற குரலில் சொன்னார். எதிரே வந்த லொறிக்காரன் வெட்டி எடுத்தபடியால் இன்றைக்கு உனக்கு எழுதுகிறேன். டிலக்சி இப்போதும் காரில் ஏற மறுக்கிறாள்.

அவர் உன் வீட்டுக்குத் தேத்தண்ணி குடிக்க வரவில்லை, உன் முகத்தைப் பார்க்க வருகிறார். உனக்குப் பொய் சொல்ல வராது, அது சின்ன வயதிலிருந்தே எனக்குத் தெரியும். கதவைத் திறக்காதே, தம்பி. உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

அக்கா

*

கிரவீன்
12 மே 2024

அன்புள்ள அக்கா,

இதை எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. மனதைத் திடப்படுத்திக்கொண்டு வாசியுங்கள்.

அப்பா போன சனிக்கிழமை, நான்காம் திகதி, போய்விட்டார். காலையில் வலை பார்க்கக் கடற்கரைக்குப் போனவர், மீன்வாடிக் கொட்டிலுக்குள் இருந்தபடியே போயிருக்கிறார். திங்கட்கிழமை அடக்கம். போனில் பார்த்தேன். பிரிட்ஜிங் விசாவோடு வெளியே போனால் திரும்பி வர முடியாது என்றபடியால் நான் போகவில்லை. மகன் என்று ஒருவன் இருந்தும் பெட்டி தூக்க ஆள் பிடித்தார்கள். என்னால் தாங்க முடியவில்லை, அக்கா.

அம்மா உங்களைக் கேட்டுக் கேட்டு அழுகிறா. மரண அறிவித்தல் எல்லாம் முறைப்படி இணையத்தில் போட்டாயிற்று. உங்கள் காதில் இந்தச் செய்தி என் கையால் விழ வேண்டும் என்று எழுதுகிறேன். தனியாக அழாதீர்கள், யோகா அன்ரியைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.

தம்பி

*

கிரவீன்
25 மே 2024
விரைவுத் தபால்

அக்கா,

இது கையில் கிடைத்ததும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அந்த இடத்தை விட்டு வெளிக்கிடுங்கள். மிச்சத்தைப் பிறகு வாசியுங்கள்.

இன்றைக்குக் கொட்டகையில் மோனிக்காவின் ஏரியலைப் பொருத்தி முடித்துவிட்டு, பெருமையோடு ஹெதரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவ கதையின் மறுபாதியை அப்போதுதான் சொன்னா. 1944 ஜூலையில் ஜெர்மன்காரனின் இரவு வேட்டை விமானம் ஒன்று வழி தவறி இங்கிலாந்தில் இறங்கிவிட்டதாம். அதைப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். மோனிக்கா அனுப்புகிற அலையைப் பிடிக்கவென்றே அதற்குள் ஒரு கருவி இருந்ததாம். காவலுக்கு என்று வைத்தது மாதக் கணக்காக எதிரிக்கு வழி காட்டியிருக்கிறது. அதன் பிறகு எல்லா விமானத்திலிருந்தும் கழற்றி எறிந்தார்களாம்.

ஸ்பானரை வைத்துவிட்டு அப்பாவின் அறிவித்தலை எடுத்துப் பார்த்தேன். நான் உங்களிடம் மறைத்ததை இப்போது சொல்கிறேன். கனடாவில் இருந்து மகேந்திரராஜா மாமாதான் அதைப் போட்டுத் தந்தார். உங்கள் பெயரை மட்டும் கொடுத்தேன். "மூத்த பிள்ளைக்கு ஊர் போடாட்டில் ஒதுக்கி வைச்சது எண்டெல்லோ சனம் கதைக்கும்? கொம்மாவின்ர நிலைமையை யோசி" என்றார். அம்மாவும் மறு போனில் அழுதா. வாய் தவறவில்லை அக்கா, தெரிந்துதான் சொன்னேன். "றோசலின் (மல்கிரேவ், அவுஸ்திரேலியா)" என்று இருபது நாளாக அது உலகத்துக்கே தெரிய நிற்கிறது. இப்போது ஊரை எடுக்கச் சொல்லி எடுத்தாயிற்று.

கிறிஸ்ரியன் அத்தான் கடைசி இரண்டு ஞாயிறும் வரவில்லை. துக்க வீடு என்று விட்டுவிட்டார் என நினைத்தேன். பொலிஸுக்கும் சொன்னேன், குறித்துக்கொண்டார்கள். உங்களிடமிருந்து ஒரு மாதத்துக்கு மேலாகக் கடிதம் இல்லை. சுகமாக இருக்கிறீர்களா என்று கேட்கவே எனக்குப் பயமாக இருக்கிறது.

டெஸ்மன்ட்

*

கிரவீன்
2 ஜூன் 2024

அன்புள்ள அக்கா,

உங்களிடமிருந்து இன்னும் ஒன்றும் இல்லை. ஒரு வரி போதும். டிலக்சி கிறுக்கிய காகிதம் என்றாலும் போதும்.

அவர் இன்றைக்கு வந்தார். தாடி வளர்ந்து, சேர்ட் கசங்கி, பார்சலும் இல்லாமல். கதவைத் திறக்காதே என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். திறந்தேன், ஏனென்றால் எனக்குத் தெரிய வேண்டும். கதிரையில் இருக்காமல் நின்றுகொண்டே சொன்னார்: "மல்கிரேவ் பெரிய இடமில்லை மச்சான். பள்ளிக்கூடங்களும் கொஞ்சம்தான்." பிறகு "அங்க இல்லை. எங்க?" என்றார். அங்கே இல்லை என்று அவர் வாயால் கேட்டபோது குசினிக்குள் போய்க் கடவுளுக்கு நன்றி சொன்னேன்.

எங்கே போனீர்கள் என்று எனக்கும் தெரியாது. அது நல்லது. ஆனால் அவர் தேடுவதை நிறுத்தமாட்டார். அந்தக் காலத்தில் மோனிக்காவைக் கழற்றிய பிறகும் விமானங்களுக்கு வேறு ஒரு காவல் இருந்தது. அலுமினியம் ஒட்டிய காகிதக் கீற்றுகளைக் கட்டுக் கட்டாக வானத்தில் கொட்டுவார்கள். எதிரியின் ராடாரில் அது பெரிய விமானப் படை போலத் தெரியும். நாலைந்து விமானம் ஒரு பக்கம் போய்க் கீற்றைக் கொட்ட, வேட்டைக்காரர் எல்லாம் அந்தப் பக்கம் ஓடுவார்கள். உண்மையான படை வேறு பக்கத்தால் போய்விடும்.

நானும் அப்படி ஒன்று செய்யப்போகிறேன். வருகிற ஞாயிறு நீங்கள் அடிலெய்டில் இருப்பதாக ஒரு பொய்க் கடிதம் எழுதி, அவர் கண்ணில் படும்படி மேசையில் வைப்பேன். எனக்குப் பொய் சொல்ல வராது, எழுத வரும்.

டெஸ்மன்ட்

*

கிரவீன்
8 ஜூன் 2024

அன்புள்ள அக்கா,

நலம், நாடுவதும் அதுவே. மெல்பேர்னை விட்டு அடிலெய்டுக்குப் போனது நல்ல முடிவு. கடற்கரை பக்கத்தில் என்று எழுதியிருந்தீர்கள், டிலக்சிக்குச் சந்தோஷமாக இருக்கும். அங்கே தமிழ்ப் பூசை மாதத்தில் ஒருநாள்தானா? புதுப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாயிற்றா? நான் அடுத்த மாதம் வந்து பார்க்கிறேன். அதுவரை ஒருவருக்கும் சொல்லமாட்டேன்.

உங்கள் தம்பி,
டெஸ்மன்ட்

*

கிரவீன்
9 ஜூன் 2024

அன்புள்ள அக்கா,

வேலை செய்தது! கடிதத்தைப் பாதி எழுதி வைத்தவன் போல மேசையில் பேனாவோடு விட்டுவிட்டு, தேத்தண்ணி போட உள்ளே போனேன். திரும்பி வந்தபோது கதவு திறந்து கிடந்தது, காரின் சத்தம் தெருமுனையில் கேட்டது. கடிதத்தையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். நீங்கள் எங்கே இருந்தாலும் அவர் இப்போது வேறு பக்கம் ஓடுகிறார். அப்பா போன பிறகு இன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டேன்.

இனியாவது நிம்மதியாக நித்திரை கொள்ளுங்கள்.

தம்பி

*

29 ஜூன் 2024

அன்புத் தம்பி டெஸ்மன்ட்,

நானும் டிலக்சியும் உயிரோடு, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். அதை முதலில் எழுதிவிடுகிறேன். நீ சாப்பிட்டு, நித்திரை கொண்டு, சுகமாக இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தின் தலையில் ஊர் பெயர் போடவில்லை. யோகா அன்ரி கொண்டுபோய் வேறு எங்கேயோ தபாலில் சேர்ப்பா, முத்திரையைப் பார்த்து யோசிக்காதே.

அப்பாவின் அறிவித்தலை நான் திங்கட்கிழமையே பார்த்துவிட்டேன், அவரை அடக்கம் செய்த அதே நாளில். வேலைக்குப் போகிற பஸ்ஸில், கூட வேலை செய்கிற தர்சினி போனில் காட்டினா. அன்றைக்கே பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் இருந்து எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டோம். அதனால்தான் உன் கடிதங்கள் எல்லாம் கை மாறிக் கை மாறிப் பிந்தி வந்தன. ஒரு கிழமை கழித்து மல்கிரேவ் பள்ளிக்கூட வாசலில் அவர் நின்றதாகக் கேள்விப்பட்டேன்.

இனி எழுதப்போவதைக் கேட்டு உன்னை நீயே அடித்துக்கொள்ளாதே. பொய்யாக ஒரு ஊரைச் சொல்லப்போகிறேன் என்று நீ ஜூன் இரண்டில் எழுதிய கடிதம் பதின்மூன்றாம் திகதி எனக்குக் கிடைத்தது. நாங்கள் அப்போது அடிலெய்டில்தான் இருந்தோம். வாசித்து முடிக்கவில்லை, பிள்ளைக்குச் சப்பாத்து மாட்டத் தொடங்கிவிட்டேன். மறுநாள் விடிய வெளிக்கிட்டோம். ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசையில் ஒருவர் டிலக்சியின் படத்தைக் காட்டி எல்லோரிடமும் கேட்டுத் திரிந்தாராம். இரண்டு நாள், தம்பி. தபால்காரன் திங்கட்கிழமை வரை பிந்தியிருந்தால் நாங்களும் அந்தப் பூசையில் இருந்திருப்போம்.

நீ என்னைக் காக்க நினைத்துச் செய்த ஒவ்வொன்றும் அவரைக் கூட்டிக்கொண்டு வந்தது. உன்னில் பிழை சொல்லவில்லை. உனக்கு என்னில் இவ்வளவு பாசம் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும், அதைப் பிடித்துக்கொண்டுதான் வருகிறார். நீ பேசினாலும் வருவார், பொய் சொன்னாலும் வருவார். ஆகவே இந்தத் தபால் பெட்டியை மூடச் சொல்லிவிட்டேன். எத்தனை வருஷத்துக்கு என்று எனக்குத் தெரியாது. அம்மாவிடம் நான் சுகம் என்று சொல், எப்படித் தெரியும் என்று கேட்டால் சொல்லாதே.

அறிவித்தலைப் பற்றி ஒன்று மட்டும். பஸ்ஸில் அதைப் பார்த்தபோது, அப்பாவின் பிள்ளைகளில் முதலாவதாக என் பெயர் இருந்தது. குடும்பத்தை விட்டு ஓடியவள் என்று ஊரெல்லாம் கதைக்கிற என்னை, பாசமிகு மகள் என்று நீ போட்டிருந்தாய். அவரையும் மருமகன் என்று போட்டிருந்தாய், மடையா, அதற்கு உனக்கு இரண்டு போட வேண்டும். ஆனாலும் எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. டிலக்சிக்குக் காட்ட வேண்டும் என்று இரண்டு தடவை வாசித்தேன். பெயருக்குப் பக்கத்தில் இருந்த ஊரைப் பிறகுதான் கண்டேன்.

இதற்குப் பதில் எழுதாதே, தம்பி. பெட்டி மூடியிருந்தாலும் யோகா அன்ரியைப் பிடித்து எப்படியும் அனுப்பப் பார்ப்பாய், உன்னை எனக்குத் தெரியும். அனுப்பாதே. நீ எழுதினால் நான் வாசிப்பேன். வாசித்தால் நான் எங்கே இருக்கிறேன் என்று உனக்குச் சொல்லிவிடுவேன்.

உன் அக்கா